பிளாஸ்டர் வட்டு: மூலமா, நகலா?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கோபாலு,

உன் கடிதமும் ஐந்து படங்களும் கிடைத்தன. உன்னிடம் இருக்கும் பிளாஸ்டர் வட்டு, காசு அடிப்பதற்காகச் சிற்பி பெரிய அளவில் செய்த மூல மாடலா, அதன் நகலா என்று கேட்டிருக்கிறாய். இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை விட்டபாடில்லை. பிளாஸ்டர் மூட்டையைப் பிரித்து வைத்தால் ஈரம் குடித்துக் கட்டி தட்டிவிடுகிறது. அதைக் கரைத்து ஊற்றினால் சீராக இறுகாது. அதனால் வார்ப்பு வேலை எதுவும் இல்லை, உனக்கு நிதானமாக எழுத முடிகிறது.

வட்டு 27 செ.மீ. என்கிறாய். அளவில் சந்தேகம் இல்லை, காசுக்கான மாடல்கள் பெரும்பாலும் 20 முதல் 30 செ.மீ.க்குள்தான் இருக்கும். நம் பத்து ரூபாய்க் காசு 27 மி.மீ., அதாவது உன் வட்டில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் வட்டில் 1 மி.மீ. புடைப்பு காசில் 0.1 ஆகிவிடும்.

முதலில் ஒரு இரும்பு ஸ்கேலை விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குக் குறுக்கே வை. கன்னமோ காதோ ஸ்கேலில் இடித்தால் அது புழக்கக் காசுக்குச் செய்ததில்லை, சுவரில் மாட்டும் பதக்கமாக இருக்கலாம். காசில் விளிம்புதான் உயரம். அப்போதுதான் அடுக்கினால் நிற்கும், முகமும் சீக்கிரம் தேயாது. அடுத்து எழுத்துகளின் பக்கச்சுவரைப் பார். அடி அகன்று மேலே குறுகும்படி சுவர் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாக நின்றாலே டையிலிருந்து, அதாவது காசை அடிக்கும் அச்சிலிருந்து, காசு விடாது; உட்பக்கம் குடைந்திருந்தால் வார்ப்பே கழலாது. புடைப்பு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 1907இன் அமெரிக்க இருபது டாலர் தங்கக் காசு ஒன்று போதும். சிற்பி செயின்ட் காடன்ஸ் செய்த முதல் மாடலின் உயரத்துக்கு உலோகம் ஏற, ஒரே காசை ஒன்பது தடவை வரை அடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் புடைப்பைத் தணித்த பிறகுதான் ஓர் அடியில் காசு விழுந்தது.

இனி மூலமா நகலா என்ற கேள்விக்கு வருகிறேன். வேலை நடக்கும் வரிசை தெரிந்தால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. சிற்பி களிமண்ணிலோ, காயாத எண்ணெய்க் களிமண்ணான பிளாஸ்டிசினிலோ உருவம் செய்வார். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றினால் குழிந்த எதிர்வார்ப்பு வரும். எழுத்துகளைப் பெரும்பாலும் அந்தக் குழிவில்தான், இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். புடைத்த எழுத்தைச் சுற்றித் தளத்தைச் சுரண்டுவதைவிட, பள்ளமாகக் கீறுவது சுத்தமாக வரும். பிறகு சோப்புக் கரைசல் பூசி, மறுபடி ஊற்றி, நேர்வட்டை எடுத்துக் கத்தியாலும் ஊசியாலும் திருத்துவார்கள். தேவைப்பட்டால் இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை நடக்கும். முடிந்ததும் செம்பிலோ ரெசினிலோ கடினமான ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் ஜான்வியே சுருக்கு எந்திரத்தில் ஏற்றினார்கள். பெரிய மாடலை ஊசியால் தடவிக்கொண்டே காசு அளவுக்குச் சுருக்கிச் செதுக்கும் எந்திரம் அது. எந்திரத்தின் ஊசி மணிக்கணக்காக உரசுவதைப் பிளாஸ்டர் தாங்காது. இப்போது ஸ்கேனர் வந்துவிட்டதால் அந்தக் கட்டமே பல இடங்களில் போய்விட்டது.

இதை வைத்து உன் வட்டைப் பார். அறையை இருட்டாக்கி, டார்ச்சை வட்டின் தளத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடி. அச்சிலிருந்து வந்த பிளாஸ்டருக்கு மெல்லிய வழவழப்பான தோல் இருக்கும். கத்தி பட்ட இடத்தில் தோல் போய், மாவு மாதிரி மங்கலாகத் தெரியும். மூலத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். நகலிலும் கீறல் தெரியும், ஆனால் கீறலுக்குள்ளேயும் அதே வழவழப்பு இருக்கும், ஏனென்றால் அது கீறலின் வார்ப்பு. நான் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

குமிழையும் பார். எதிர்வார்ப்பில் இருந்த காற்றுக்குமிழ் நேர்வட்டில் கடுகு மாதிரி மணியாக வரும். சிற்பி அதை ஊசியால் தட்டியெடுத்திருந்தால் அங்கே ஒரு மங்கல் புள்ளி நிற்கும். மணிகள் அப்படியே இருந்தால் அதை யாரும் திருத்தவில்லை என்று பொருள். எழுத்தின் தலையில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடினால், அது குழிவில் கீறிய கருவியின் தடம். படிப்படியாக, மாடிப்படி போல வரி தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், கணினியில் செய்த பிரதியிலிருந்து வார்த்தது.

பின்பக்கத்துப் பென்சில் கையெழுத்தை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். போலி செய்ய அதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. செம்புப் பிரதி எடுக்க, மின்சாரம் ஓடுவதற்காகப் பூசும் கிராஃபைட் கரி வட்டில் இல்லையே என்றும் கவலைப்படாதே. செம்பு படியவைப்பது எதிர்வார்ப்பில், கரியும் அதில்தான் ஒட்டும்.

வட்டில் உள்ள உருவத்தின் தோளில் ஏதோ மிருகம் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். படத்தை 27 மி.மீ.க்குச் சுருக்கிப் பார், காசில் என்னவாகத் தெரியும் என்பது புரியும். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் கொதித்து, காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். துதிக்கை கொஞ்சம் குட்டையாகப் போனதால் வந்த வினை.

கழுவிவிடாதே. தண்ணீர் பட்டால் நான் சொன்ன தோலும் மங்கலும் ஒன்றாகிவிடும். தூசி இருந்தால் மென்மையான வரைதூரிகையால் மட்டும் தட்டு. கடைக்காரர் சொன்னபடி அரக்கு பூசினால் நுணுக்கமெல்லாம் அடைந்துபோகும். வெயிலிலும் வைக்காதே. 45 டிகிரிக்குமேல் சூடாக விடாதே. அதிகம் சுட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும்.

கொண்டுவருவதானால் செய்தித்தாளில் சுற்றாதே, மை ஒட்டும். வெள்ளை மல்துணி, அதன்மேல் ஃபோம், பிறகு வட்டை நிமிர்த்தி நிற்கும்படி ஒரு பெட்டி. படுக்க வைத்தால் வண்டி குலுக்கலில் நடுவே விண்டுவிடும். மழை நின்றதும் வா. தாதரில் இறங்கு, நான் வந்து பெட்டியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சேது