அந்தக் கையெழுத்து இல்லாமலும் நீ அங்கே இருக்கலாம்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாய், தண்ணீர்ச் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழவில்லை, விழுந்த பாதியே போதும். "அவர் கையெழுத்துப் போட மாட்டாராம்மா, போடலைன்னா நான் மும்பைக்கு பிளைட் ஏற வேண்டியதுதானாம்." அப்புறம் சட்டென்று "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட எனக்குப் பயம், போன் யார் கையில் இருக்குமோ என்று. அதனால்தான் இந்த மெயில், அதுவும் உன் பழைய காலேஜ் ஐடிக்கு. அதன் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும் என்றால் படித்த கையோடு மாற்றிவிடு.

மற்றதையெல்லாம் மெதுவாகப் படி, இதை மட்டும் முதலில் படி. நீ அமெரிக்காவில் தொடர்ந்து இருப்பதற்கான அந்த விண்ணப்பத்தை உன் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் நீ தனியாகப் போடலாம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. விவாகரத்து ஆன மறுநாள் உன் கிரீன் கார்டு செல்லாமல் போய்விடாது, உன்னை யாரும் பிளைட்டில் ஏற்ற முடியாது.

சும்மா தைரியத்துக்காகச் சொல்லவில்லை. வக்கீல் ஆபீஸில் 26 வருஷம் டைப் அடித்தவள் நான், ஒரு படிவம் கையில் வந்தால் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து வரை படிக்காமல் விட மாட்டேன். திங்கட்கிழமை சாருக்குச் சொல்லிவிட்டு ஆபீஸ் பிரின்டரிலேயே அந்த விண்ணப்பத்தை, அதாவது ஐ-751 படிவத்தையும் அதன் அறிவுரைப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன், புரியாத இடங்களை சாரிடம் கேட்டேன்.

உனக்கு வந்தது இரண்டு வருஷத்துக் கார்டு, இல்லையா. அது ஏன் என்று அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணம் 2023 செப்டம்பர். நீ அங்கே இறங்கியது 2025 பிப்ரவரி 11. இறங்குகிற நாளில் கல்யாணத்துக்கு இரண்டு வயது ஆகியிருக்கவில்லை என்றால் நிபந்தனையோடுதான் கார்டு கொடுப்பார்கள், விசாவில் சிஆர்1 என்று இருந்ததே, அதற்கு அர்த்தம் அதுதான். கார்டுக்காகவே பொய்க் கல்யாணம் செய்கிறவர்களைப் பிடிக்க 1986-ல் கொண்டுவந்த சட்டம். இன்னும் ஏழு மாதம் கழித்து நீ போயிருந்தால் பத்து வருஷத்துக் கார்டே கைக்கு வந்திருக்கும். "புருஷன் பெண்டாட்டி இத்தனை நாள் பிரிந்திருக்கக் கூடாது" என்று உன்னை அவசரப்படுத்தி அனுப்பினவள் நான்தான். அது என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி. கார்டு 2027 பிப்ரவரி 11 வரை. அதற்கு முந்தைய 90 நாளுக்குள், அதாவது இந்த நவம்பர் நடுவிலிருந்து, நிபந்தனையை நீக்கச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவர் பிடித்துக்கொண்டு தொங்குகிற கையெழுத்து இதுதான். ஆனால் அதே படிவத்தில், சேர்ந்து போட வேண்டாம் என்று விலக்குக் கேட்கவும் கட்டங்கள் இருக்கின்றன. நல்ல எண்ணத்தோடு செய்த கல்யாணம், ஆனால் விவாகரத்தில் முடிந்துவிட்டது என்பது ஒன்று. நல்ல எண்ணத்தோடு செய்தேன், ஆனால் அடித்தார் அல்லது மிகவும் கொடுமைப்படுத்தினார் என்பது இன்னொன்று. திருப்பி அனுப்பினால் தாங்க முடியாத கஷ்டம் வரும் என்பதும் ஒன்று. விலக்குக் கேட்பதற்கு அந்த 90 நாள் கணக்கு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். விவாகரத்துக் காரணம் என்றால் கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே போட்டால், தீர்ப்பின் நகலைக் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள், அதில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். ஒருவேளை நீயும் அவரும் சேர்ந்தே போட்டு, அது நிலுவையில் இருக்கும்போது பிரிந்தாலும், இதை விலக்கு மனுவாக மாற்றுங்கள் என்று கேட்கலாம். எதையுமே போடாமல் தேதியைத் தாண்ட விடுவதுதான் ஆபத்து. அப்போதுதான் குடியேற்ற நீதிபதி முன்னால் நிற்கச் சொல்லி நோட்டீஸ் வரும். அங்கேயும் முடிவு சொல்வது அந்த நீதிபதிதான், உன் வீட்டுக்காரர் இல்லை.

அடித்தாரா என்று நான் உன்னிடம் இதுவரை கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். கை ஓங்கினால்தான் கொடுமை என்று நினைத்துக்கொள்ளாதே. செலவுக்குக் காசு கொடுக்காமல் வைத்திருப்பது, போன் பேசும் நிமிஷத்தை எண்ணுவது, பாஸ்போர்ட்டை லாக்கரில் வைத்துச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, "உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்று தினம் சொல்வது, எல்லாமே எழுதி வைக்க வேண்டிய விஷயங்கள். தேதி போட்டு எழுது. அந்தக் காரணத்தில் விலக்குக் கேட்டால் விவாகரத்துத் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நீ இருக்கும் நியூ ஜெர்சியிலேயே மானவி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, தெற்காசியப் பெண்களுக்காக 1985-ல் தொடங்கியது. உன்னைப் போன்ற பெண்களை அவர்கள் நிறைய பார்த்திருப்பார்கள், நீ புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்காது. மத்தியானம் அவர் வேலைக்குப் போனதும் கூப்பிடு. ராத்திரியில் உயிருக்குப் பயம் என்று வந்தால் யோசிக்காமல் 911, அந்த அவசர நம்பரைக் கூப்பிடு.

மூன்றாவது மாடி அக்கா தன் அண்ணன் மகள் கதையைச் சொன்னாள் என்று நான்தான் போன மாதம் உன்னிடம் உளறினேன், விவாகரத்து ஆன உடனே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்ததாம் என்று. அதை மனசிலிருந்து எடுத்துவிடு. அந்தப் பெண் எச்-4 விசாவில் இருந்தவள். எச்-4 என்பது புருஷனின் எச்-1பி வேலை விசாவில் ஒட்டிக்கொண்டிருப்பது. விவாகரத்துத் தீர்ப்பு வருகிற நாளோடு அந்த ஒட்டு விட்டுப்போகும். அவருடைய கம்பெனி வழியாகக் கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்றிருந்தாலும், கார்டு கைக்கு வருமுன் பிரிந்தால் மனைவிக்கு அந்த வரிசையில் இடமில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே படிப்பு விசாவுக்கோ தன் பெயரில் வேலை விசாவுக்கோ மாறியிருந்தால்தான் அவள் தப்பித்திருக்க முடியும், அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. உன் நிலைமை வேறு, பாப்பா. நீ ஏற்கெனவே நிரந்தரக் குடியிருப்பு வாங்கினவள். நிபந்தனை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிட்டிசன்ஷிப் விஷயத்தில் மட்டும் ஒன்று போய்விடும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருஷத்தில் கேட்கலாம், மற்றவர்களுக்கு ஐந்து வருஷம். உறுதிமொழி எடுக்கிற நாள் வரைக்கும் கல்யாணம் நிலைத்திருந்தால்தான் அந்த மூன்று வருஷச் சலுகை. பிரிந்துவிட்டால் உனக்கும் ஐந்துதான், கொடுமைக் காரணத்தில் விலக்குக் கிடைத்தால் மட்டும் மூன்றே இருக்கலாம், அதை வக்கீலிடம் கேள். ஆனால் இந்த இரண்டு வருஷத்துக் கார்டில் இருந்த காலமும் அந்த ஐந்தில் சேரும், முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து எண்ணினால் 2030 பிப்ரவரி, 90 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு வருஷத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த வீட்டில் உட்கார்ந்திருக்காதே.

உன் பெரியம்மாவை உனக்கு நன்றாக நினைவிருக்காது. தாராவியில் அந்த சால் ரூம், வரிசை வீட்டில் ஒற்றை அறை, பெரியப்பா பெயரில், ரேஷன் கார்டும் அவர் பெயரில். வெளியே வந்துவிடு, என்னோடு இரு என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "பேப்பரெல்லாம் அவரு பேர்லதானட்டி இருக்கு, நான் வெளியே வந்தா எனக்கு ஊர்ல ஒரு இது உண்டா" என்பாள். பதினோரு வருஷம் அப்படியே இருந்தாள். ரேஷன் கார்டில் பெயரைப் பிரித்துத் தனிக் கார்டு வாங்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டபோது எனக்கு அவள் குரல்தான் கேட்டது.

பணத்தைப் பற்றியும் அவர் மிரட்டுகிறார் என்றாயே. உன் விசாவுக்காக அவர் ஐ-864 என்று ஓர் உறுதிப் பத்திரம் கொடுத்தார், அதன் நகல் என்னிடம் இருக்கிறது. ஏழ்மைக் கோட்டின் 125 சதவீத அளவுக்காவது உன்னைத் தாங்குவேன் என்று அரசாங்கத்திடம் அவர் எழுதிக் கொடுத்தது. விவாகரத்தால் அந்தப் பொறுப்பு தீராது. நீ குடியுரிமை வாங்க வேண்டும், அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு, கிட்டத்தட்ட பத்து வருஷ வேலை, சேர வேண்டும், அல்லது நீ குடியிருப்பை விட்டுவிட்டு நாட்டை விட்டே போக வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இல்லாமல் போக வேண்டும். அதுவரை அவர் கையெழுத்து அவரைக் கட்டும். அவர் பணத்தில் நீ வாழ வேண்டும் என்று சொல்லவில்லை. வக்கீலைப் பார்க்கும்போது அந்த நகலையும் கொண்டு போ. வக்கீல் உனக்கென்று தனியாக இருக்க வேண்டும், அவருடைய சொந்தக்காரர் யாரும் வேண்டாம்.

விவாகரத்து எங்கே என்பதையும் யோசி. நியூ ஜெர்சியில் ஒருவராவது ஒரு வருஷம் குடியிருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம். ஆனால் கல்யாணம் இங்கே இந்து முறைப்படி நடந்தது. ஒருவர் மட்டும் வெளிநாட்டுக் கோர்ட்டில் ஏதோ ஒரு காரணம் சொல்லி வாங்கிவரும் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீயும் சம்மதித்து வாங்கினால் இங்கேயும் சிக்கல் வராது. அதனால் அங்கே கோர்ட்டிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் போட்டுவிடாதே.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீ வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குப் புது விலாசம் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். இல்லையென்றால் அவர்கள் அனுப்புவதெல்லாம் அவர் வீட்டுத் தபால் பெட்டியில் விழும், அவர் கிழித்துப் போட்டால் உனக்குத் தெரியவே தெரியாது. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கு. அது இந்திய அரசாங்கத்தின் சொத்து, புருஷன் பூட்டி வைக்க உரிமை கிடையாது. "கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வா" என்று திடீரென்று அன்பாக டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் கிளம்பாதே. பாஸ்போர்ட்டையும் கார்டையும் பிடுங்கிக்கொண்டு பெண்ணை இங்கே விட்டுவிட்டுப் போனவர்களின் வழக்குகளுக்கு நானே டைப் அடித்திருக்கிறேன். ஐ-407 என்று எந்தத் தாளையாவது நீட்டினால் தொடாதே, அது கார்டை நீயாக விட்டுக்கொடுப்பதற்கான படிவம்.

கல்யாணம் உண்மையானது என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும், இருவர் பெயரிலும் உள்ள வீட்டு வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், சேர்ந்து போட்ட வரிக் கணக்கு, இன்ஷூரன்ஸ். கிடைப்பதை இப்போதே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு, வீட்டை விட்டு வந்தபிறகு கிடைக்காது. இங்கே இருப்பதை நான் எடுத்துவிட்டேன். பீரோவின் கீழ்த் தட்டில், உன் கூறைப்புடவை வைத்த அதே துணிப்பைக்குள், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், மண்டபத்து ரசீது, மாதுங்காவில் பூ வாங்கிய சீட்டு வரை இருந்தது. பூச்சீட்டின் ஓரத்தில் மஞ்சள் கறை, என் விரல்தான்.

நேற்று பாந்த்ராவில் பிகேசி ஃபேமிலி கோர்ட்டுக்கு ஒரு ஃபைல் கொடுக்கப் போனேன். குர்லாவிலிருந்து ஷேர் ஆட்டோ. திரும்பும்போது அமெரிக்கத் துணைத் தூதரகத்துப் பக்கம் நடந்தேன். உன் இன்டர்வியூ அன்றைக்கு உள்ளே பை கொண்டுபோக விடவில்லை என்று உன் கைப்பையையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே இரண்டரை மணி நேரம் நின்றேனே, அதே இடம். நேற்றும் ஓர் அம்மா அப்படித்தான் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் எதுவும் பேசவில்லை, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், குடித்தாள்.

நீ இங்கே வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, இந்த நிமிஷமே. ஆனால் வந்தால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க விட மாட்டேன். அதற்கு மேல் தங்கினால் குடியுரிமைக்கான தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று பார்ப்பார்கள், ஐந்து வருஷத்தில் 30 மாதமாவது அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. அங்கேயே இருக்க வேண்டாம், திரும்பி வந்துவிடுகிறேன் என்று நீ முடிவு செய்தால் அதற்கும் இந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். அதை நீயே முடிவு செய்து வர வேண்டும், அவர் விரட்டி வரக் கூடாது.

உங்கள் இருவரையும் நன்றாக அறிந்தவர்கள் இரண்டு பேராவது சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றிருக்கிறது. பக்கத்து வீட்டு குஜராத்தி தம்பதியைக் கேட்டுப் பார், தீபாவளிக்கு உங்களோடு சாப்பிட்டார்கள் அல்லவா. ஒன்று நானே தருகிறேன். 26 வருஷமாக யார் யாருக்கோ "நான் இதன்மூலம் உறுதி கூறுவது யாதெனில்" என்று அடித்த கை. உன் பெயரை அதில் அடிக்கும்போது இரண்டு தடவை நிறுத்த வேண்டி வந்தது. வியாழக்கிழமை நோட்டரி முத்திரை வாங்கிவிடுவேன். கூரியரை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும், அதை மட்டும் உடனே எழுது.

அம்மா