செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஒக்டோபர் – 2025 செப்டெம்பர்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் கல்முனை வீதியை அண்டியுள்ள எமது கிராமங்களில், தெருநாய்கள் மற்றும் கட்டாக்காலி மாடுகள் தொடர்பாகச் சங்கம் கடந்த ஓராண்டில் மேற்கொண்ட பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கின்றேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆண்டின் முற்பகுதியில் எமது மனுக்களுக்குப் பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடைபெறும் வரை, மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் சபையில் இருக்கவில்லை. அலுவலர்கள் மனுக்களைப் பெற்றுக்கொண்டார்களே தவிர, ஆளணியும் நிதியும் இல்லை என்பதே பதிலாக இருந்தது. இதற்கு அவர்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. நாய்களைப் பதிவு செய்வது 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி சபையின் கடமையாக இருக்க, தடுப்பூசிக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தையும், கடிபட்டவரின் சிகிச்சைக்கு வைத்தியசாலையையும், விலங்கு வதை முறைப்பாட்டுக்குப் பொலிஸ் நிலையத்தையும் நாட வேண்டியிருப்பதால், ஒரே விடயத்துக்காக ஒரே கடிதத்தைப் பல கதவுகளுக்குக் கொண்டுசெல்வதே எமது பிரதான வேலையாகிவிட்டது.

அங்கத்தவர்கள் அதிகம் விடுத்த கோரிக்கை, நாய்களை லொறியில் ஏற்றிச் சென்று தூரத்தில் விட்டுவிட வேண்டும் என்பதாகும். நிர்வாக சபை இதை ஏற்கவில்லை. மீன் கழிவும் எறிந்த சோற்றுப் பொதியும் கிடக்கும் சந்தியிலிருந்து நாய்களை அகற்றினால், சில வாரங்களில் அடுத்த சந்தி நாய்கள் அங்கு வந்து சேரும். அவை ஊசி ஏற்றப்படாதவையாக இருந்தால் ஆபத்து முன்னரை விடக் கூடும். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தித் தடுப்பூசியையும் கருத்தடையையும் முதன்மைப்படுத்திய பின்னரும், விசர்நாய்க்கடி மரணங்கள் குறைந்தே வந்துள்ளன. 1970களில் ஆண்டொன்றில் 300க்கும் மேற்பட்டோர் இறந்த நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 20 முதல் 30 வரை என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றது. நாய்களில் 70 வீதமானவற்றுக்கு ஊசி ஏற்றினால் நோய் பரவுவது தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த அளவை எமது பகுதியில் எட்டுவதே சங்கத்தின் நோக்கம்.

கோயில் முன்றலில் நடைபெற்ற தடுப்பூசி முகாமுக்கு மக்கள் நன்றாகவே வந்தனர். ஒரு ஆச்சி, தனது நாயை உரப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, பேரனின் சைக்கிள் கரியரில் வைத்துப் பிடித்தபடி வந்து, ஊசி முடிந்ததும் அட்டையைக் கேட்டு வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். ஆனால் வீதியில் கிடக்கும் நாய்கள் முகாமுக்கு வருவதில்லை. அவற்றை வலையால் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் சபையில் இல்லை. எனினும், உரிமையாளர் அற்றவை என நாம் எழுதும் நாய்களிற் பலவற்றுக்கு மிச்சச் சோறு வைக்கும் வீடொன்று உண்டு என்பதையும், அந்த வீட்டார் அழைத்தால் அவை சாதுவாக வரும் என்பதையும் முகாமில் கண்டோம். அடுத்த முகாமுக்கு முன்னர் அவ்வீடுகளைக் குறித்துக்கொள்ள மாதர் குழுவினர் இணங்கியுள்ளனர். கடிபட்ட இடத்தில் மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பாமல், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் வீடுவீடாகச் சொல்லி வருகின்றோம்.

மாடுகளின் விடயம் இதனிலும் சிக்கலானது. 2024 நவம்பர் வெள்ளத்தில் வயலும் வளவும் மூழ்கியபோது, உயரமான இடமென்று மாடுகளுக்கு எஞ்சியது வீதி மட்டுமே. வெள்ளம் வடிந்த பின்னரும் அவை அகலவில்லை. இரவில் தார் வீதி காய்ந்தும் இளஞ்சூடாகவும் இருப்பதால் அங்கேயே படுத்து அசைபோடுகின்றன. கறுத்த மாடு கிடப்பது மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அருகில் வரும்வரை தெரிவதில்லை. சபை மாடுகளைப் பிடித்து அடைப்பதும், உரிமையாளர் தண்டப்பணம் கட்டி மீட்பதும், அதே மாடு மறுவாரம் அதே வளைவில் படுப்பதும் வழக்கமாகிவிட்டது. அடைக்கப்பட்ட இடத்தில் தண்ணீர்த் தொட்டி வரண்டு கிடந்ததையும் நிழல் இல்லாததையும் நேரில் கண்டு எழுத்தில் அறிவித்தோம். தொட்டிக்குக் குழாய் பொருத்தப்பட்டுள்ளது, நிழல் இன்னும் இல்லை.

தண்டம் அறவிடுவதால் மட்டும் இது தீராது என்பதே எனது கருத்து. பெரும்போக நெற்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் வயல்களிலிருந்து மாடுகளை அகற்றுவதற்குத் திகதி குறிக்கப்படுகின்றது. ஆனால் அகற்றிய மாடுகளை எங்கே கொண்டுசெல்வது என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. எமது மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கைக்கு எதிராகப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் போராட்டம் ஆரம்பித்ததை யாவரும் அறிவீர்கள். எமது பட்டிக்காரர் எல்லோரும் அவ்வளவு தூரம் போவோர் அல்லர். ஆயினும் மேய்ச்சல் தரை ஒவ்வொன்றாகச் சுருங்கும்போது, அதன் பாரம் கடைசியில் வீதியில்தான் வந்து இறங்குகின்றது.

விலங்கு வதை தொடர்பாக இரண்டொரு முறைப்பாடுகளே கிடைத்தன. 1907ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கும் உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். இன்று ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கினால் அதில் பெரிதாக மிச்சம் இராது. சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்த விலங்கு நலன் சட்டமூலம் இன்னும் சட்டமாகவில்லை.

சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் முன்வைக்கப்படும் என்பதால், நாய்களுக்கான கருத்தடை முகாமுக்கும், மாடு அடைக்கும் இடத்தில் கூரை அமைப்பதற்கும், சந்தைக் கழிவை மாலையிலேயே அகற்றுவதற்கும் நிதி ஒதுக்குமாறு கோரும் மனுவொன்றை நிர்வாக சபை வரைந்துள்ளது. அதன் பிரதி இப்போது உங்களிடம் தரப்படும். திருத்தங்கள் இருப்பின் இன்றே கூறி, கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

செயலாளர்