பாசிக்கு முன்னால் பாக்டீரியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விண்கலத்தில் பாசி வளர்த்துக் கழிவை மறுசுழற்சி செய்வது பற்றிச் சென்ற வார இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடைக்கானலில் இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கட்டுரை பிடித்திருந்தது. ஆனால் ‘கழிவைப் பாசி தின்றுவிடும்’ என்ற வரி மட்டும் உறுத்துகிறது. படிக்கிற பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

சிறுநீரிலுள்ள யூரியா அம்மோனியாவாக உடையும். அது அளவு மீறினால் பாசிக்கே நஞ்சு. அதனால்தான் விண்கலக் கழிவை மறுசுழற்சி செய்வதற்கான ஐரோப்பிய விண்வெளி முகமையின் மெலிசா திட்டத்தில் பாக்டீரியாக்களுக்குத்தான் முதல் வேலை. ஒரு கூட்டம் திடக்கழிவை மட்கவைக்கும், இன்னொன்று அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். அப்புறம்தான் ஸ்பைருலினா என்ற பாசியின் முறை. (கறாராகப் பார்த்தால் ஸ்பைருலினாவும் பாக்டீரியாதான். நீலப்பச்சைப் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.)

இன்னொன்று வெளிச்சம். வகுப்பில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஏரித் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மட்டும் நாலு சொட்டு கோமியம் விட்டு ஜன்னலில் வைப்போம். பத்து நாளில் அது பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். வெயில் அடித்தால் உள்பக்கம் குண்டூசித் தலை அளவு ஆக்சிஜன் குமிழ்கள் ஒட்டியிருக்கும். மேகம் இறங்கிய நாளில் ஒன்றுகூட இருக்காது. ஒரு வருடம் விடுமுறைக்கு முன் பாட்டிலை அலமாரிக்குள் வைத்து மறந்துவிட்டோம். திறந்தபோது பழுப்பு நிறத்தில் ஆடை படிந்து, அழுகிய முட்டை நாற்றம். செத்த பாசியை மட்கவைக்கும் பாக்டீரியா, தண்ணீரில் மிச்சமிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொண்டது.

சைபீரியாவில் கிராஸ்னோயார்ஸ்க் நகர ஆய்வாளர்கள் இந்த வெளிச்சச் சிக்கலுக்கு விடை கண்டிருந்தார்கள். ஒருவர் மூச்சுக்கு ஏறத்தாழ 8 சதுர மீட்டர் பரப்பில் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி, அதற்கு வெளிச்சம் தரச் செனான் விளக்கு. 1972-73-இல் அவர்களுடைய பயோஸ்-3 என்ற மூடிய சோதனைக் கூடத்தில் மூன்று பேர் கொண்ட குழு ஆறு மாதம் அடைபட்டு வாழ்ந்தது. வளர்ந்த பாசியை அவ்வப்போது அள்ளி எடுத்தாக வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

1863-இல் அணை கட்டி உண்டாக்கிய எங்கள் ஏரிக்கும் இதே கணக்குதான். சாக்கடை கலந்தால் பாசி கொழிக்கும். அள்ள ஆளில்லாவிட்டால் அது செத்து அடியில் சேரும், மீன் மூச்சுத் திணறும். விண்வெளிக்கு மட்டுமே ஆன அறிவியல் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

அடுத்த இணைப்பிதழில் மெலிசாவின் அறைகளை வரிசையாகப் படம் போட்டுக் காட்டுங்கள். பாக்டீரியா அறைகளை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கொடைக்கானல்