காகத்தின் மோல்டை வெட்டிவிட்டேன்

தம்பி,

நீ சுவரில் வரைந்த காகத்தை ரெசின் பொம்மையாக ஊற்றி எடுத்த அச்சை, அந்த சிலிக்கான் மோல்டை, நேற்று ராத்திரி வெட்டிப் போட்டேன். இரண்டு பாதியும் நான்கு நான்கு துண்டு. அலகு வருகிற இடத்தில் மட்டும் குறுக்கே இன்னொரு வெட்டு, யாரும் ஒட்டவைத்து ஊற்றிப் பார்க்கக் கூடாது என்று. கடைசி காஸ்ட், அதாவது அதில் ஊற்றிய கடைசிக் காகம், எடுத்து நேற்றோடு மூன்று வருஷம். ஐம்பது காகம் முடிந்ததும் மோல்டு இருக்கக் கூடாது என்பதுதான் நம் பேச்சு. இழுத்தடித்தது நான். இதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. டின் சிலிக்கான், வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுகிற அந்த ரப்பர், அப்படியொன்றும் நெடுநாள் தாங்காது, ஓரங்கள் ஏற்கெனவே நகத்துக்குப் பிய்ந்துகொண்டுதான் இருந்தன.

உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் மோல்டு போய்விட்டது என்று காகம் வைத்திருக்கும் அந்த ஐம்பது பேருக்கும் தெரிய வேண்டும். அதனால் பொதுவில் எழுதுகிறேன். சில இடங்களில் நான் வாயை மூடிக்கொள்வதும் அவர்கள் படிக்கிறார்கள் என்பதால்தான்.

எந்தச் சுவர், எத்தனை மணி, யார் துரத்தினார்கள் என்பதெல்லாம் உனக்கே தெரியும். சுவரில் இருந்த காகத்துக்கு முதுகு கிடையாது, அதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். வயிற்றுக்கு ஒரு கோடு, அலகுக்கு ஒரு கோடு, ஒற்றைக் கண். ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டு ஓடுகிற உருவம். பின்னாலிருந்து எப்படி இருக்கும் என்று எந்தச் சுவரும் கேட்காது. பொம்மை கேட்கும். முன், பக்கம், பின், மேல் நான்கையும் ஒரே உயரக் கோட்டில் வரைந்து வா என்று உன் முதல் காகிதத்தைத் திருப்பி அனுப்பினேன். பக்கவாட்டில் அந்த ஒற்றைக் கண் எங்கே போகும் என்று ஒரு வாரம் திண்டாடினாய். பாதத்தின் அடிப்பகுதியை வரையவே மறந்திருந்தாய். எண் எழுத வேண்டிய இடமே அதுதான்.

நீ கொண்டுவந்த களிமண்ணில் கந்தகம் இருந்தது. அதன்மேல் இன்னொரு வகையான பிளாட்டினம் சிலிக்கானை ஊற்றினால் களிமண்ணைத் தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். அதனால்தான் டின்னுக்குப் போனேன். எடையில் நூறுக்குப் பத்து கேட்டலிஸ்ட், அதுதான் இறுகவைப்பது. வேக்கத்தில், காற்றை உறிஞ்சி எடுக்கிற கலத்தில், வைத்தால் மூன்று நான்கு மடங்கு பொங்கி, பிறகு தானாக அமுங்கும், அதுவரை பொறுக்க வேண்டும். மலிவு பார்த்து டின் போட்டார் என்று நீ யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. மலிவுதான். முதல் மோல்டுக்குக் காரணம் அது இல்லை.

இரண்டாவது மோல்டுக்குக் காரணம் அதுதான். அதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது மாஸ்டர், அதாவது மோல்டு எடுக்கிற மூல உருவம், ரெசினாகிவிட்டது, கந்தகப் பிரச்சினை கிடையாது, பிளாட்டினத்துக்குப் போயிருக்கலாம். டப்பாவில் டின் சிலிக்கான் மிச்சம் இருந்தது. ஊற்றிவிட்டேன். முப்பது காஸ்ட் தாண்டியதும் அலகுக்கு உள்வளைவில் சிலிக்கான் கிழிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த காகங்களுக்கு அலகின் கீழே ஒரு மெல்லிய தழும்பு இருக்கும். உப்புத்தாள் போட்டுத்தான் கொடுத்தேன், ஆனாலும் விரல் வைத்தால் தெரியும். எந்த எண்ணிலிருந்து என்று இங்கே எழுதமாட்டேன். வைத்திருப்பவர்கள் தடவிப் பார்க்கட்டும்.

தலையைத் தனித் துண்டாக ஊற்றலாம், கழுத்தில் சதுரக் கட்டை வைத்துச் சேர்க்கலாம் என்று எத்தனை தடவை சொன்னேன்! அலகு நெஞ்சைப் பார்த்து வளைந்து இறங்குகிறது. இறுகிய ரெசின் வளையாது. மோல்டிலிருந்து உருவும்போது ஒன்று அலகு உடையும், இல்லை சிலிக்கான் கிழியும். கழுத்தில் கோடு விழும், வேண்டாம் என்றாய். பார்க்கிறவன் கண்ணுக்கு நீ சொன்னது சரி. ஊற்றுகிறவன் கைக்கு நான் சொன்னது சரி. இன்றைக்கும் அதில் நான் இறங்கி வரவில்லை.

முதல் காஸ்டில் அலகு உடைந்தது. நினைவிருக்கும்.

இரண்டாவதுதான் எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது. ரெசினின் ஏ திரவம் பாதி, பி திரவம் பாதி, இரண்டும் சேர்ந்து 220 கிராம். முப்பது நொடி கலக்கல், கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து. மெல்லிய தாரையாகப் பாதத்தின் வழியே ஊற்றினேன், காற்று எதிர்ப்பக்கத் துளையில் வெளியேறட்டும் என்று. பிரஷர் பாட் என்கிற அழுத்தக் கலத்தில் வைத்து 40 பிஎஸ்ஐ. மோல்டையே அந்த அழுத்தத்தில் வைத்து இறுகவிட்டிருந்தேன். இல்லாவிட்டால் சிலிக்கானுக்குள் மாட்டிய குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்கி, காகத்தின் உடம்பெல்லாம் பரு பருவாக வந்திருக்கும். கப்பில் மீந்த ரெசின் மூன்றாவது நிமிஷத்தில் தேன் நிறத்திலிருந்து சட்டென்று வெளுத்தது. பால் திரிவதைப் பார்ப்பது மாதிரி நீ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நொடி அது. அதை என்னோடு நின்று பார்த்தவன் நீ ஒருவன்தான்.

முப்பது நிமிஷம் என்று சொல்லியிருந்தேன். நான் கை கழுவப் போன நேரத்தில் பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே அழுத்தத்தை இறக்கித் திறந்துவிட்டாய்.

அலகு உடையாமல் வந்தது. வரத்தான் செய்யும், ரெசின் இன்னும் தோல்செருப்பு மாதிரி வளைகிற பதத்தில் இருந்தது. மேசைமேல் நிறுத்தினாய். ரெசின் இறுகுவது தன் சூட்டில். தடித்த உடம்பு நன்றாகச் சூடேறி முதலில் இறுகிவிடும், குச்சிக் கால் சூடு பிடிக்காமல் கடைசியில் இறுகும். இறுகிய உடம்பின் பாரத்தை இறுகாத கால் தாங்குமா? காகம் இடப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. விழப்போகிறது என்று நான் கை நீட்டினேன். வால் மேசையைத் தொட்டு நின்றுவிட்டது.

"இதுதான்ணே அது" என்றாய்.

சுவரில் அது சும்மா நின்றுகொண்டிருந்த காகம். மேசையில் அது எதையோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அலகு உடையாமல் வந்ததற்கும் கால் சாய்ந்ததற்கும் ஒரே காரணம், உன் அவசரம். அந்த அவசரத்துக்கு நான் திட்டியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். திட்டியது நியாயம்தான். அன்றைய குரல்தான் அதிகம்.

இன்னொன்று. அதை நேராக்கியிருக்கலாம். இந்த ரெசினைக் கொதிக்காத சுடுநீரில் ஒரு நிமிஷம் முக்கினால் கால் மறுபடி வளையும், நேராகப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டினால் அப்படியே நிற்கும். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்தச் சாய்வு முதல் சுவரிலேயே மனதில் இருந்தது என்று நீ பேட்டியில் சொன்னதைப் படித்தபோது எனக்கு எரிந்தது. சுவரில் இல்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். யாரும் பழைய படங்களைத் தோண்டப் போக வேண்டாம். பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. ஒரு உருவத்தோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்கு அது எப்போது வந்தது என்பது கலைந்துதான் போகும். ஆனால் ஐம்பது காகமும் ஒரே அளவுக்குச் சாய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றையும் பதினெட்டாவது நிமிஷத்தில் உருவி, நான் செய்த சிலிக்கான் தொட்டிலில் கிடத்தி, முழுக்க இறுகும்வரை காவல் இருந்தது யார் என்றாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். மழை நாளில் திறந்த டப்பா ஈரத்தை இழுத்து, ரெசின் நுரைத்துப்போய், ஒரே நாளில் நான்கு காகம் குப்பைக்குப் போனபோதும் நான்தான் இருந்தேன். சரி, விடு.

ரெசினை விட்டு வினைல் பிளாஸ்டிக் பொம்மைக்குப் போவதைப் பற்றி நாம் போட்ட சண்டையில், தெருவில் வரைந்து பேர் வாங்கிய அமெரிக்க ஓவியர்களில் நீ கீத் ஹேரிங்கை இழுத்தாய், நான் காஸை இழுத்தேன். இருவரும் அவரவருக்கு வசதியானதைத்தான் எடுத்தோம். எண்பதுகளில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் இல்லாத பலகைகளைக் கருப்புத்தாளால் மூடிவைத்திருந்தார்கள். ஹேரிங் அதில் வெள்ளைச் சாக்கட்டியால் வரைந்தார். 1986-இல் லஃபாயெட் தெருவில் பாப் ஷாப் என்ற கடை திறந்தார், சட்டையும் பேட்ஜும் விற்றார், விலைபோய்விட்டார் என்று பேச்சு வாங்கினார். அதற்கு முன்பே அவருடைய ரயில் நிலையப் படங்களை ஜனங்கள் கிழித்துக்கொண்டுபோய் விற்க ஆரம்பித்திருந்தார்கள் என்பதை நீ சொன்னாய். நான் அன்று பதில் சொல்லவில்லை. அது வலுவான வாதம்.

காஸ் விஷயத்திலும் நான் பாதிதான் சொன்னேன். பஸ் நிறுத்தத்திலும் தொலைபேசிக் கூண்டிலும் இருந்த விளம்பரங்களை உருவிக்கொண்டுபோய், அச்சோடு ஒட்டிப்போகிற மாதிரி நேர்த்தியாகத் தன் உருவத்தை அதன்மேல் தீட்டி, திரும்ப அதே கண்ணாடிக்குள் செருகிவைத்த மனிதர். 1999-இல் டோக்கியோவின் பவுண்டி ஹன்டர் நிறுவனத்தோடு சேர்ந்து காம்பேனியன் என்ற வினைல் பொம்மை. 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் அவருடைய ஒரு ஓவியம் 11 கோடியே 59 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அந்தத் தொகையைச் சொல்லித்தான் உன்னைக் குத்தினேன். அதே வருஷம் விக்டோரியா துறைமுகத்தில் 37 மீட்டர் நீளத்தில் மல்லாந்து மிதந்த அவருடைய காற்றடைத்த பொம்மையை ஊரே கரையில் நின்று காசில்லாமல் பார்த்தது. அதைச் சொல்லாமல் விட்டேன். தப்புதான்.

ஆனால் வினைல் காகத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. செய்முறையில் குறை இல்லை, சொல்லப்போனால் எனக்குப் பொறாமை. மெழுகு மாஸ்டர்மேல் செம்பு முலாம் ஏற்றி எடுத்த உலோக மோல்டு, உள்ளே திரவ பிவிசி, சுடவைத்துச் சுவர் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் குறட்டால் பிடித்து இழுக்கிறார்கள். வளைந்த அலகு சிரித்துக்கொண்டு வெளியே வருகிறது! நான் மூன்று வருஷம் மல்லுக்கட்டிய அலகு. உள்ளே வெற்றிடம், அதனால் எடையும் இல்லை. ஆனால் எடை இல்லாத காகம் சாய்ந்தால் கவிழும் என்று காலைத் தடிமனாக்கி, வாலை நீட்டி, சாய்வைப் பாதியாக்கிவிட்டார்கள். ஒட்டுக்கேட்ட காகம் இப்போது கழுத்துச் சுளுக்கிய காகம். மாதிரி வந்தபோது நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், வெயில் படுகிற அலமாரியில் அந்த வினைல் கால்கள் தானாகவே இளகிச் சாயும். வாங்கினவர்கள் புகார் சொன்னால் சுடுநீர் வைத்தியத்தைச் சொல். இதற்கும் அதேதான்.

சின்ன 7 சென்டிமீட்டர் காகத்தை மூடிய பெட்டியில், உள்ளே எது என்று தெரியாமல் விற்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். சுவரில் உன் காகம் தன்னை யாரிடமும் ஒளித்ததில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

இனி முக்கியமானது. ஐம்பது முடிந்த பிறகு மாஸ்டரைக் கேட்டாய். இரண்டாவது மோல்டிலிருந்து எடுக்கும்போது உடைந்துவிட்டது, குப்பையில் போட்டேன் என்றேன். உடையவில்லை. அன்றைக்கு மேசையில் சாய்ந்த அதே காகம், 400, 800 உப்புத்தாள் போட்டு, சாம்பல் நிற பிரைமர் அடித்தது, மூன்று வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. மோல்டை வெட்டாமல் வைத்திருந்ததும் அதனால்தான். வெட்டிவிட்டால் அடுத்த கேள்வி மாஸ்டர் பற்றி வரும். அதிலிருந்து நான் ஒரு காஸ்ட் கூட எடுக்கவில்லை. இதை உனக்காக மட்டும் எழுதவில்லை, படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், அதை ஊற்றியவன் நான், சாய்த்தவன் நீ, நிமிர்த்தாமல் விட்டவன் நான். கணக்குப் போட்டால் எனக்கும் பங்கு இருக்கிறது என்று தோன்றியது. கணக்கு சரி. பொய் சொன்னதுதான் தப்பு.

நாளைக்கு அனுப்புகிறேன். பாதத்தில் எண் இல்லை. நீயும் போட்டுவிடாதே, போட்டால் ஐம்பத்தொன்று ஆகிவிடும். பிரைமர் உரிந்த இடங்களில் ரெசின் மஞ்சளடித்திருக்கிறது, ஜன்னல் பக்கம் வைத்தால் இன்னும் மஞ்சளாகும். முதலில் மெல்லிய தாள் சுற்றி, அதற்கு மேல்தான் குமிழ் உறை போட்டிருக்கிறேன். தாளைக் கழற்றிவிட்டுக் குமிழ் உறையிலேயே நேராகச் சுற்றி வைத்துவிடாதே, பிரைமரில் வட்ட வட்டமாகத் தடம் விழும். வெளியே எடுக்கும்போது அலகைப் பிடித்துத் தூக்காதே. வால் பக்கம் கை கொடு.

அண்ணன்