பேரனுக்கு ஒரு மஞ்சள் பனியன்

அம்மிணி,

பார்சலில் மேலாக இருக்கும் மஞ்சள் ஜெர்சி பேரனுக்கு. அளவு 28, கொஞ்சம் தாராளமாகவே வெட்டியிருக்கிறேன், அடுத்த வருஷமும் போடலாம். கால்பந்து என்றால் அந்த வீட்டில் எல்லோரும் அர்ஜென்டினா, இவன் மட்டும் பிரேசில் என்று அடம் பிடிக்கிறான், பாட்டி சோறு போட மாட்டேன் என்று மிரட்டுகிறார் என்றெல்லாம் நீ போனில் சொன்னதும் உன் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோழிக்கோட்டில் பெண்ணைக் கொடுத்தால் இப்படியும் ஒரு வம்பு உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"பிரேசில் சட்டை ஏன் மஞ்சள்?" என்று அவன் கேட்டானாமே. முப்பது வருஷம் கட்டிங் டேபிளில் நின்றவனிடம்தான் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, நீ படித்துச் சொல்லு.

முதலில் அது மஞ்சளே இல்லை. வெள்ளைச் சட்டை, நீலக் காலர். 1950 ஜூலை 16, உலகக்கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலின் ரியோவில் மரக்கானா மைதானம். டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். உருகுவேயோடு டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. முதல் கோலையும் பிரேசிலே போட்டது. அப்புறம் உருகுவேக்கு ஸ்கியாஃபினோ ஒன்று, ஆட்டம் முடியப் பத்துப் பதினோரு நிமிஷம் இருக்கும்போது கிஜ்ஜா ஒன்று. 2-1. ஊரே இழவு வீடானது. தங்கள் கோல்கீப்பர் பார்போசாவை பிரேசில்காரர்கள் சாகும்வரை மன்னிக்கவில்லை. அது பாவம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பழி சட்டை மேலும் விழுந்தது. உடனே கழற்றி எறிந்துவிடவில்லை, இன்னும் சில வருஷம் வெள்ளையில்தான் ஆடினார்கள். 1953-இல் ரியோவின் 'கொரெய்யோ ட மன்யா' பத்திரிகை, புதுச் சட்டைக்கு ஒரு போட்டி வைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: கொடியில் இருக்கும் மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை நான்கும் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பையன் மேல் மரியாதை. பையன்தான், அப்போது இருபதுகூட ஆகவில்லை. பெயர் அல்டிர் கார்சியா ஷ்லீ. தெற்குக் கோடியில் பெலோட்டஸ் ஊரில் பத்திரிகைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். நான்கு கலரையும் ஒரே பனியனில் கேட்டு, ஆர்டர் கொடுக்கும் பையர் சாம்பிள் அனுப்பினால் நாங்கள் தலையில் கை வைத்துக்கொள்வோம். எங்கே சேர்த்தாலும் ஒன்றை ஒன்று அடிக்கும், கடைசியில் திருவிழாத் தோரணம் மாதிரி ஆகிவிடும். அவரும் நூற்றுக்கு மேல் வரைந்து பார்த்திருக்கிறார். பிறகு பிடிபட்டிருக்கிறது: நான்கையும் சட்டையிலேயே திணிக்க வேண்டாம். மஞ்சளும் பச்சையும் மேலே, நீலமும் வெள்ளையும் கால்சட்டைக்கு. மஞ்சள் உடம்பு, காலரிலும் கைப்பட்டியிலும் மட்டும் பச்சை. நீலக் கால்சட்டையின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு. தீர்ந்தது கணக்கு.

பார்க்கச் சுலபம். அந்தப் பச்சை அரை ஷேடு கூடினாலும் மஞ்சள் செத்துவிடும். நான் முன்னே வேலை பார்த்த ஒரு கம்பெனியில் லேப் டிப், அதாவது சாய மாதிரித் துண்டைச் சரியாகப் பார்க்காமல் ரிப்புக்கு, காலர் கைப்பட்டித் துணிக்கு, சாயம் ஏற்றி, லாட் முழுக்கத் திரும்பி வந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் உனக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கவில்லை.

1954 மார்ச்சில், அதே மரக்கானாவில், சிலியோடு ஆடும்போது மஞ்சளை முதலில் போட்டார்கள். ஜெயித்தார்கள். ஆனால் முதல் உலகக்கோப்பையை மஞ்சளில் வாங்கவில்லை, இதைப் பேரனிடம் கட்டாயம் சொல்லு. 1958 ஃபைனலில் எதிரே ஸ்வீடன், அவர்களுக்கும் மஞ்சள்தான். அதனால் ஸ்டாக்ஹோமில் நீலச் சட்டை வாங்கி, மஞ்சளிலிருந்து பேட்ஜைப் பிரித்து அதில் வைத்துத் தைத்தார்கள். அவசரத்தில் ஊசி பிடித்த அந்தக் கை யாருடையதோ! 5-2.

இனி மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது. ஷ்லீ பிறந்த ஊர் ஜாகுவாராவ். நடுவே ஒரு ஆறு, பாலத்தைத் தாண்டினால் உருகுவே. அந்தக் கரைப் பேச்சையும் பந்தாட்டத்தையும் பார்த்து வளர்ந்தவர், கடைசிவரை உருகுவே பக்கம்தான். ஒளிக்கவும் இல்லை, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பிரேசிலை அழவைத்த அதே உருகுவே! பின்னாளில் பேராசிரியராகவும் கதை எழுதுபவராகவும் இருந்து, 2018 நவம்பர் 15 அன்று காலமானார். மறுநாள் லண்டனில் ஆட்டம், பிரேசிலும் உருகுவேயும். அதனால் இவன் ஒருவன் மஞ்சள் போட்டதற்காக வீட்டில் யாரும் முகத்தைத் தூக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் அடியில் ஒன்று வைத்திருக்கிறேன், அர்ஜென்டினாவின் வான நீலக் கோடு போட்டது, அளவு 42. இரண்டையும் ஒரே வாளியில் ஊறப்போடாதே. பச்சை ரிப் முதல் அலசலில் கொஞ்சம் சாயம் விடும்.

அப்பா