ஆறு பேருக்கு இரண்டு டாய்லெட்

டேய் நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. ஜனவரியில் பிள்ளைகள் குடும்பத்தோடு வருகிறார்கள், எல்லாரையும் ஆலப்புழையில் படகு வீட்டில் நான்கு நாள் தங்க வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். ஆகஸ்டில்தான் ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளில் ஏழு நாள் பாய்மரப் படகில் கிடந்துவிட்டு வந்தோம், நானும் அவளும், மகன் மருமகள், மகள் மாப்பிள்ளை. செலவு முழுக்க என்னுடையது. அதனால் நான்தான் ராஜா என்ற நினைப்பில் ஏறினேன்.

குவீன்ஸ்லாந்து கரையோரம் 74 தீவுகள், பெரும்பாலானவற்றில் ஆளே கிடையாது. இங்கே லைசென்ஸ் இல்லாமலே படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம், ஏர்லி பீச்சில் உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் எடுத்தது 40 அடி கட்டமரான், இரட்டை உடல் படகு. (மாப்பிள்ளை வெள்ளைக்காரர். இது எங்கள் கட்டுமரம்தான் என்று ஏழு நாளில் ஏழு தடவையாவது சொன்னேனாம், புகார்.) படிவத்தில் கேப்டன் என்ற இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள், பிரிஸ்பேனில் ஆறேழு வருடமாகப் பாய் விரித்துப் பழகியவள். எனக்குச் சுருக்கென்றது, சரி, பேப்பர் வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் மாலையே தெரிந்துபோயிற்று. பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது, அதற்கென்று மிதவைகள் விட்டிருக்கிறார்கள், படகை அதில் கட்டவேண்டும். மகள் சுக்கான் பிடிக்கிறாள், மகன் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு கொக்கிக் கம்பால் கயிற்றைத் துழாவுகிறான், நடுவில் நின்றுகொண்டு நான் 'லெஃப்ட்டு, லெஃப்ட்டு, மெதுவா' என்று கத்துகிறேன். மூன்று தடவை தப்பியது. பக்கத்துப் படகுகளில் பீர் டின்னோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நாலாவது சுற்றுக்கு முன்னால் அவள் திரும்பி, குரலை உயர்த்தாமல், "அப்பா, நீங்க உள்ளே போய் உட்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். உடனே மாட்டிவிட்டார்கள். அதுதான்டா எரிச்சல்.

அப்புறம் டாய்லெட். ஆறு பேருக்கு இரண்டு, கையால் பம்ப் அடிக்கவேண்டும், காகிதம் கொஞ்சம் கூடினாலும் அடைத்துக்கொள்ளும். பலகைச் சுவர் வழியே எல்லாருடைய சத்தமும் எல்லாருக்கும் கேட்கும். மருமகள் இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் கடல் குமட்டல் இல்லை என்று நான்காம் நாள்தான் புரிந்தது. உன் மருமகள்களுக்கு இதை முன்கூட்டியே யோசி, சாப்பாட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரி ஒரு வாளி இட்லி மாவு கொண்டுவந்திருந்தாள், அது இரண்டாம் நாளே பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்தது. தண்ணீர் டேங்க் காலியாகிவிடும் என்று பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துவிட்டுக் கடைசியில் மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர்.

காலையும் மாலையும் கம்பெனியிலிருந்து ரேடியோவில் கூப்பிடுவார்கள். நான்காம் நாள் தென்கிழக்குக் காற்று 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்), நகராதீர்கள் என்றார்கள். நாரா இன்லெட் என்று ஹூக் தீவுக்குள் நீளமாகப் போகிற ஒரு கடல் கிளை, அதில் ஒண்டிக்கொண்டோம். மேலே ஏறினால் இங்காரோ ஆதிக்குடிகள் பாறையில் தீட்டிய ஓவியங்கள். அதைப் பார்த்து இறங்கியபிறகு செய்ய ஒன்றுமில்லை. சீட்டாட்டத்தில் அண்ணனும் தங்கையும் பத்து வயதுப் பிள்ளைகள் மாதிரி சண்டை, முப்பத்தைந்து வயதுடா அவனுக்கு.

அன்று ராத்திரி பின்படியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாத்திரம் தேய்க்கும்போதுதான், வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது என்று மகன் சொன்னான். வாரா வாரம் போனில் 'எல்லாம் நல்லாருக்குப்பா' என்றவன். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், மிதவை ஞாபகம் வந்தது. சட்டியை அலசி அடுக்கினேன். அவனே அரை மணி நேரம் பேசினான்.

மறுநாள் என்ன கிழமை என்று யாருக்கும் தெரியவில்லை. 1770-ல் இந்தப் பக்கம் வந்த கேப்டன் ஜேம்ஸ் குக்கும் அப்படித்தானாம், விட் ஞாயிறு (பெந்தெகொஸ்தே பண்டிகை நாள்) என்று நினைத்து விட்சண்டே என்ற பெயரை வைத்தார், கிழமை மாறுகிற சர்வதேசத் தேதிக் கோட்டைக் கணக்கில் எடுக்காததால் அது உண்மையில் திங்கள். வைட்ஹேவன் கடற்கரையைப் பற்றி நான் எழுத வேண்டாம், படத்தில் பார்த்திருப்பாய். மணல் கிட்டத்தட்ட சுத்த சிலிக்கா, உச்சி வெயிலிலும் கால் சுடவில்லை, என் வீட்டுக்காரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆலப்புழைக்கு வருவோம். அங்கே படகோட்டி, சமையல்காரர் எல்லாம் உண்டு, நீங்கள் செய்ய ஒரு வேலையும் இருக்காது, எனக்கு அதுதான் பயம். நான்கு நாள் வேண்டாம், இரண்டு போதும். சமையல்காரரிடம் சொல்லி, ராத்திரிப் பாத்திரத்தை மட்டும் உங்களுக்கு விடச் சொல். எத்தனை டாய்லெட் என்று கேட்டபிறகு அட்வான்ஸ் கொடு.

மகன் இப்போது இங்கே எங்களோடுதான் இருக்கிறான். உன் முட்டி ஆபரேஷன் என்ன ஆயிற்று, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

உன்
பழைய ரூம்மேட்