படலைச் சாத்தாமல் ஆட்டைத் திட்டி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடையில் குட்டை வற்றத் தொடங்கினால் போதும், ஆடு மாடு மேய்ந்துதான் மண் பாழாகிறது, தண்ணீர் நாறுகிறது என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் காங்கயம் பக்கம், ஒரு பட்டி ஆடும் நாலு மாடும் வைத்திருக்கிறேன். அவர்கள் சொல்வது பாதி சரி. மேய்ச்சலால் மண் கெட்டதை என் காட்டிலேயே பார்த்தேன் (மானாவாரி நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்). மேய்ச்சலை வைத்தே மண்ணைக் காப்பாற்றியதும் எங்கள் சீமைதான், அந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் வளரவிட்டு மேய்ச்சலுக்கென்றே வைத்திருப்பார்கள். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இதில் வளர்பவைதான். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, மண்ணோ சரளை. அதில் இது தலைமுறை தலைமுறையாகத் தாக்குப் பிடித்ததற்குக் காரணம் புல் மட்டுமில்லை, வேலி வாசலை அடைக்கும் தட்டியான படல். எங்கள் அப்பாரு மழை பெய்து புல் தளிர்த்ததும் ஆட்டை உள்ளே விடமாட்டார், கதிர் பிடித்து விதை கொட்டும்வரை படல் சாத்தியே கிடக்கும், அதுவரை வேறு காட்டில் மேய்ச்சல், அப்புறம் அதை ஆறப்போட்டு இதைத் திறப்பது. ராத்திரிப் பட்டியையும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார், புழுக்கை காடு முழுக்கப் பரவும். கோடையில் ஆடுகள் தின்னும் வேலங்காயின் விதை அந்தப் புழுக்கையோடு விழுந்து முளைக்கும், யாரும் மரம் நட்டதில்லை.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும் நான் கெடுத்தேன். குத்தகைக்கு வைத்திருந்த பக்கத்துக் காட்டை சைட் போட விற்றுவிட்டார்கள், மொத்த ஆட்டையும் ஒரே காட்டில் வருஷம் முழுக்க விட்டேன். புல்லின் தூர் வெளியே தெரிகிற அளவுக்குக் கரம்பிவிட்டன, ஈரத்தில் மிதித்து மிதித்து மண் இறுகிப்போனது, அடுத்த மழைக்குக் கொழுக்கட்டைக்குப் பதில் ஆடு தொடாத ஆவாரைதான் எழுந்தது. ஒரே ஒரு கனமழை. மேல்மண் செந்தண்ணீராக ஓடிப்போய் ஊர்க் குட்டையில் இறங்கியது. குட்டை தூர்ந்துவிட்டது என்று குறைபட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

காடு குறையக் குறைய எல்லோருடைய மாடும் குட்டைக் கரையில்தான் வந்து நிற்கிறது. நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நின்று சாணி போட்டால் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்? கரை சரிகிறது, சேற்றில் நத்தை பெருகுகிறது, அந்த நத்தை வழியாக வரும் தட்டைப்புழு ஆட்டின் ஈரலைத்தான் அரிக்கிறது, ஆகவே நஷ்டம் நமக்கே. (நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது சாயக்கழிவு, அந்தக் கணக்கை மாட்டின் தலையில் கட்டவேண்டாம்.)

பெரிய திட்டமெல்லாம் நான் கேட்கவில்லை. குட்டையில் ஒரு பக்கம் மட்டும் கல் பாவி மாடு இறங்க வழி விட்டு, மற்ற கரைகளுக்குக் கிளுவை வேலி போட்டால் போதும். அதைவிட நல்லது கரைக்கு வெளியே ஒரு தண்ணீர்த்தொட்டி. எங்கள் ஊரில் தொட்டி இருக்கிறது, தண்ணீர்தான் வருவதில்லை! தண்ணீர் வாரி வருகிற ஓடையோரத்தில் பத்தடி புல்லை மேயவிடாமல் நிறுத்தினால் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். மேய்ச்சல் புறம்போக்கை ஊர்க்கூட்டம் போட்டு இரண்டு மூன்று பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றித் திறக்கலாம், இதற்குப் பணமே வேண்டாம், ஆனால் ஆளுக்கு ஆள் சண்டை வரும், அதுதான் இதில் கஷ்டமான வேலை.

என் காட்டை ஆடியில் இரண்டாகப் பிரித்து நடுவில் வேலிக்காகக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைகள்) நட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டது. ஒரு பக்கத்துப் படலைத் தை மாதம் வரை திறப்பதாக இல்லை, வீட்டில் தீவனச் செலவைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர்,
காங்கயம் வட்டம்